பல்லிழந்த சக்கரம்

பெரம்பலூரும் அரியலூரும் தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் அடுத்தடுத்து அமைந்த மாவட்டங்கள். இரண்டும் முன்னாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்தன. பெரம்பலூர் 1995ஆம் ஆண்டிலும், அரியலூர் முடிவாக 2007ஆம் ஆண்டிலும் தனி மாவட்டங்களாயின. அரியலூர் நிலம் பல கோடி ஆண்டுகட்கு முன் கடலின்கீழ்க் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்து மறைந்த உயிர்களின் சுருண்ட ஓடுகள், கல்லாகிய வடிவில் இன்றும் அங்கே மண்ணினின்று வெளிப்படுகின்றன. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பியே அவ்வட்டாரத்துச் சிமிட்டி ஆலைகள் இயங்குகின்றன. பெரம்பலூர்ப் பக்கமோ மானாவாரி நிலம் மிகுந்தது. அங்கே மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்றன; செட்டிகுளம் பகுதியின் சின்ன வெங்காயம் பெயர்பெற்றது. கல்லாயினும், சிமிட்டியாயினும், வெங்காயமாயினும் அதனைச் சுமந்து செல்வது லாரியே. ஆதலின், லாரி நின்றால் பலருடைய பிழைப்பும் உடன் நிற்கும்.

முன்னாளைய டீசல் லாரியின் எஞ்சினில் மின்சாரத்திற்குப் பெரிதும் வேலையில்லை. எண்ணெயை அளந்து தெளித்தது பல்சக்கரங்களால் இயங்கிய பம்பு. எஞ்சினில் கோளாறு நேரின், பட்டறை மேஸ்திரி ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையை எஞ்சினில் ஊன்றி, மறுமுனையைக் காதருகே வைத்துக் கேட்பார்; கேட்ட அளவிலேயே குற்றம் எங்குள்ளது எனக் கூறுவார். இந்நாளைய லாரி அத்தகையதன்று. புகை மாசினைக் குறைக்கும் பொருட்டு, பாரத் ஸ்டேஜ் நான்கு என்னும் விதி 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாளில் நாடு முழுமைக்கும் பரவியது. அதனினும் கடுமையான பாரத் ஸ்டேஜ் ஆறு 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாளில் நடைமுறைக்கு வந்தது. இவ்விதிகட்கு இணங்கிய பெரும்பாலான எஞ்சின்களில், எந்தச் சிலிண்டரில், எந்த நொடியில், எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என முடிவு செய்வது ஒரு மின்னணுப் பெட்டி. பட்டறைகளில் அதனை இ.சி.யூ. என வழங்குவர். கம்பியைக் காதில் வைத்துக் கேட்பார்க்கு அப்பெட்டி ஒன்றும் சொல்லாது.

வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சென்னை நோக்கிப் புறப்பட்ட லாரி ஒன்று, பெரம்பலூரை அடுத்த நெடுஞ்சாலையில் நின்றுவிட்டதாகக் கொள்வோம். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்றுகிறது. ஆயினும் எஞ்சின் உயிர் பெறவில்லை. எஞ்சின் சுழலும் செய்தி இ.சி.யூ.வுக்குக் கிட்டவில்லை என்பது ஓர் ஐயம். அவ்வாறாயின் குற்றம் மூன்று இடங்களுள் ஒன்றில் இருத்தல் கூடும். செய்தியை உணரும் சென்சார் கெட்டிருக்கலாம். செய்தியைக் கொண்டு செல்லும் கம்பி அறுந்திருக்கலாம். செய்தியைப் பெறும் பெட்டியே பழுதாகியிருக்கலாம். சென்சார் விலை குறைந்தது. கம்பி அதனினும் குறைந்தது. பெட்டியோ பெரும்பொருள் தந்து வாங்க வேண்டுவது. ஆராயாது பெட்டியை மாற்றினால், கடன் பெற்று லாரி வாங்கியவர்க்கு நேரும் இழப்புச் சிறிதன்று. பெட்டியை மாற்றிய பின்னும் எஞ்சின் ஓடாதாயின், பொருளும் போய், பொழுதும் போய், வெங்காயமும் அழுகும். இவ்விடத்தே குற்றமுடையது எது, குற்றமற்றது எது எனப் பிரித்தறியத் துணைசெய்வது ஒரு சிறு மின்சுற்று. அதன் இயல்பினை ஈண்டுக் காண்போம்.

முதற்கண் எஞ்சின் தன் சுழற்சியை எவ்வாறு அறிவிக்கிறது என்பதை உணர்தல் வேண்டும். பிஸ்டன்கள் மேலும் கீழும் செல்லுங்கால் அவற்றின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்குத் தண்டு. அத்தண்டுடன் பற்கள் வெட்டிய இரும்புச் சக்கரம் ஒன்று சுழல்கிறது. பல எஞ்சின்களில் அச்சக்கரம் அறுபது பற்களுக்குரிய இடம் உடையது. வட்டத்தின் பாகை 360 ஆதலின், ஒரு பல்லுக்கு 6 பாகை. ஆனால் அறுபது இடங்களில் ஐம்பத்தெட்டில் மட்டுமே பற்கள் உள்ளன. அடுத்தடுத்த இரண்டு இடங்கள் வெறுமையாய் விடப்பட்டுள்ளன. இஃது உடைந்த குறையன்று. வேண்டுமென்றே வைத்த அடையாளம். செபமாலையில் நாயகமணி இல்லையேல் எண்ணிக்கை எங்குத் தொடங்கிற்று என விரல் அறியாது. அவ்வாறே, பற்கள் யாவும் ஒத்திருப்பின் எது முதற்பல் எனப் பெட்டி அறியாது. நாயகமணி உருவில் மிகுந்து அடையாளமாகிறது. இச்சக்கரத்தில் இன்மையே அடையாளமாகிறது.

சக்கரத்தின் விளிம்பருகே, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், சென்சார் பொருத்தப்பட்டிருக்கும். அது இருவகைப்படும். காந்தத்தின்மேல் கம்பிச் சுருள் சுற்றியது ஒரு வகை. இரும்புப் பல் காந்தத்தை நெருங்கும்போதும் விலகும்போதும் சுருளினூடே செல்லும் காந்தப் புலம் மாறுகிறது. அம்மாற்றத்தால் சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. சக்கரம் விரைய விரைய இவ்வழுத்தம் உயரும். மெல்லச் சுழலுங்கால் குன்றும். மற்றொரு வகை, எட்வின் ஹால் 1879ஆம் ஆண்டில் கண்ட விளைவினை அடிப்படையாகக் கொண்டது. இதன் வெளிப்பாடு விரைவைப் பொறுத்து உயர்வதும் தாழ்வதும் இல்லை. ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டு நிலைகளையே மாறிமாறிக் காட்டும்.

இனி, வெறுமையாய் விட்ட இடத்தைப் பெட்டி எவ்வாறு கண்டுகொள்கிறது? அதற்குக் கண் இல்லை. காலத்தை அளக்கும் திறம் ஒன்றே உண்டு. தமிழிலக்கணம் பயின்றார்க்கு இது விளங்குதல் எளிது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை, உயிரளபெடைக்கு மூன்று மாத்திரை என நம் இலக்கண நூலோர் வகுத்தனர். விரைந்து ஓதுவார் வாயிலும், நிறுத்தி ஓதுவார் வாயிலும் எழுத்துக்குரிய காலம் வேறுபடும். ஆயினும் ஒன்றுக்கு மற்றொன்று இத்தனை மடங்கு என்னும் அளவு மாறுவதில்லை. எஞ்சின் சக்கரத்திலும் இதே நெறி காணப்படுகிறது. ஒரு பல்லின் முனையிலிருந்து அடுத்த பல்லின் முனை வருங்காலம் ஒரு மாத்திரை எனின், வெறுமையிடத்தைக் கடக்குங்காலம் மூன்று மாத்திரை. பெட்டி ஒவ்வொரு பல்லின் காலத்தையும் அதற்கு முந்தியதனோடு ஒப்பிடுகிறது. ஒரு காலம் திடீரென மும்மடங்காய் நீளின், ‘வெறுமையிடம் கடந்தது, இனி வருவது முதற்பல்’ எனத் துணிகிறது. எஞ்சின் மெல்லச் சுழலினும் விரைந்து சுழலினும் இத்துணிவு பிழைபடுவதில்லை.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. நான்கு வீச்சு எஞ்சினில் காற்றை உள்ளிழுத்தல், அமுக்குதல், எரிந்து ஆற்றல் தருதல், புகையை வெளியேற்றுதல் என்னும் நான்கு தொழில்களும் நிறைவேறக் கிராங்குத் தண்டு இரண்டு முறை சுழல வேண்டும். ஆதலின், பிஸ்டன் உச்சியை அடைந்தது என்பதைக் கிராங்குச் சக்கரம் சொல்லும். அஃது அமுக்கத்தின் உச்சியோ, வெளியேற்றத்தின் உச்சியோ எனச் சொல்லாது. அவ்வேறுபாட்டைச் சொல்வது கேம் தண்டின் சென்சார். கேம் தண்டு, கிராங்குத் தண்டின் பாதி விரைவில் சுழல்வது. பெட்டிகள் பலவும் இவ்விரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா எனப் பார்த்த பின்னரே முறையாக டீசல் தெளிக்கத் தொடங்கும்.

இச்செய்தியைப் பட்டறை மேசையின்மேல், எஞ்சின் இன்றியே உண்டாக்கிப் பெட்டிக்கு ஊட்டுவதுதான் நாம் கூற வந்த மின்சுற்றின் வேலை. சக்கரம் இல்லை, சக்கரம் சுழன்றால் எழக்கூடிய செய்தி மட்டும் உண்டு. அரியலூர் மண்ணில் உயிர் மறைந்தும் அதன் வடிவம் கல்லில் நிற்கிறதன்றோ? அதுபோல், சக்கரம் இல்லாவிடத்தும் அதன் வடிவம் காலத்தில் எழுதப்படுகிறது.

இதற்குக் கணக்குப் பெரிதன்று. எஞ்சின் நிமிடத்திற்கு 600 முறை சுழல்வதாகக் கொள்வோம். வினாடிக்கு 10 சுழற்சி. ஒரு சுழற்சியில் 60 பல்லிடங்கள். ஆகவே வினாடிக்கு 600 பல்லிடங்கள். அறுபது வினாடி ஒரு நிமிடம் ஆதலாலும், அறுபது பல்லிடம் ஒரு சக்கரம் ஆதலாலும், நிமிடத்திற்கு எத்தனை சுழற்சியோ வினாடிக்கு அத்தனை பல்லிடம் என்பது எளிய வாய்பாடாக அமைகிறது. ஒரு பல்லிடத்தில் பாதி மேடு, பாதி பள்ளம். ஒரு பாதிக்குரிய காலத்தை மைக்ரோ வினாடியில் அறிய, 5,00,000ஐச் சுழற்சி எண்ணால் வகுத்தல் போதும். மைக்ரோ வினாடி என்பது வினாடியைப் பத்து இலட்சம் கூறிட்டதில் ஒரு கூறு. 600 சுழற்சிக்கு ஏறத்தாழ 833. 1000 சுழற்சிக்கு 500. 2000 சுழற்சிக்கு 250. ஸ்டார்ட்டர் மோட்டார் சுழற்றும் மெல்லிய விரைவு 200 எனக் கொண்டால் 2500.

இக்கணக்கின்படி நொடி தவறாது மேடும் பள்ளமும் எழுப்ப ஒரு சிறு கணிப்பொறிச் சில்லு வேண்டும். 2005ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் இவ்ரேயா நகரில் மாணவர்க்கென உருவாக்கப்பட்ட ஆர்டுயினோ என்னும் பலகை இதற்குப் போதுமானது. சில்லின் நினைவில் 120 இடங்கள் கொண்ட ஒரு பட்டியலை எழுத வேண்டும். முதல் 116 இடங்களில் ‘மேடு, பள்ளம்’ என மாறிமாறி எழுதினால் ஐம்பத்தெட்டு பற்கள் அமையும். எஞ்சிய 4 இடங்களிலும் ‘பள்ளம்’ என்றே எழுதினால் அது வெறுமையிடம் ஆகும். சில்லிலுள்ள காலக்கணிப்பான், கணக்கிட்ட காலம் கழியுந்தோறும் பட்டியலில் ஓரிடம் நகர்ந்து, அங்கு எழுதியதை வெளிமுனையில் காட்டும். பட்டியல் முடிந்ததும் மீண்டும் தொடக்கத்திற்குச் செல்லும். திருகினால் மதிப்பு மாறும் மின்தடை ஒன்றை இணைத்துவிட்டால், அதன் குமிழைத் திருப்பிச் சுழற்சி விரைவைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். கேம் சென்சாரின் செய்தியும் வேண்டுமாயின், பட்டியலை இரண்டு சுழற்சிக்குரிய 240 இடங்களாக விரித்து, இரண்டாவது வெளிமுனையில் அதனை எழுத வேண்டும்.

சில்லின் வெளிமுனையை நேரே பெட்டியில் இணைத்தல் தகாது. ஹால் வகைச் சென்சாருக்குரிய முனையாயின், இடையே ஒரு சிறு டிரான்சிஸ்டரை வைத்தல் வேண்டும். சில்லின் முனையிலிருந்து 4,700 ஓம் மின்தடை வழியாக அதன் பேஸ் முனைக்கு இணைப்பு. எமிட்டர் முனை தரைக்கு. கலெக்டர் முனை பெட்டியின் செய்திக் கம்பிக்கு. அம்முனையைப் பெட்டியே தன்னுள்ளிருக்கும் மின்தடையால் உயர்த்தி வைத்திருக்கும். டிரான்சிஸ்டர் அதனைத் தரைக்கு இழுத்து விடும். இதனால் மேடு பள்ளமாகவும், பள்ளம் மேடாகவும் தலைகீழாகும் என்பதை மறவாது, பட்டியலை அதற்கேற்பத் திருத்தி எழுத வேண்டும். காந்தச் சுருள் வகையாயின், தொடரில் ஒரு மின்தேக்கியை வைத்து நிலையான அழுத்தத்தைத் தடுத்து, மாறுகின்ற பகுதியை மட்டும் செலுத்த வேண்டும். மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த சிறு வடிகட்டி, சதுர அலையின் கூரிய முனைகளை மழுக்கித் தரும். அவ்வலை உண்மையான சென்சாரின் அலைக்கு நெருங்கிய படியே அன்றி, முற்றும் அதுவே ஆகாது.

சுருள் வகையில் இரண்டு கம்பிகளை முன்பின்னாக மாற்றி இணைத்தல் பெருந்தீங்கு விளைக்கும். ஒரு செய்யுளில் சீர் பிரிக்கும் இடம் தவறினால் சொல் சிதைந்து பொருள் மாறுபடும். அவ்வாறே, கம்பி மாறினால் பெட்டி பல்லின் தொடக்கத்தை வேறிடத்தில் காணும். வெறுமையிடத்தின் அளவும் குழம்பும். பெட்டியில் குற்றம் இல்லாதிருந்தும், குற்றம் உள்ளது போலத் தோன்றும்.

இங்கே ஒரு பேருண்மை புலனாகிறது. பிறவற்றைச் சோதிக்கும் கருவியை முதலில் சோதித்தல் வேண்டும். எல்லா எஞ்சின்களிலும் சக்கரம் அறுபதிடம் உடையது அன்று. முப்பத்தாறு இடங்களில் ஒன்று மட்டும் வெறுமையான சக்கரமும் உண்டு. வேறு அமைப்புகளும் உண்டு. வண்டிக்குரிய சக்கரம் எது எனச் செய்தவர் வெளியிட்ட ஏட்டினின்று அறியாமல், வேறொரு சக்கரத்தின் செய்தியை ஊட்டினால் பெட்டி அதனை ஏற்காது. அது பெட்டியின் குற்றமன்று, ஊட்டியவர் குற்றம். மின்சுற்றைச் செய்து முடித்ததும், அலைகாட்டியில் அதன் அலையைப் பார்த்து, ஐம்பத்தெட்டு மேடும் ஒரு நெடிய பள்ளமும் உள்ளனவா என எண்ணுதல் வேண்டும். பின்னர், நன்னிலையில் உள்ளது என முன்பே அறிந்த ஒரு பெட்டியில் இணைத்துப் பார்த்தல் வேண்டும். படிக்கல் பிழைபட்டதாயின், அதனால் நிறுத்த பொருளெல்லாம் பிழைபட்ட நிறையே காட்டும்.

இனிச் சோதனை முறையைக் காண்போம். லாரியிலிருந்து கழற்றிய பெட்டியை மேசைமேல் வைத்து, ஏட்டில் காட்டிய முனைகளில் மின்சாரம் தர வேண்டும். லாரிக்குப் பெரும்பாலும் 24 வோல்ட். காருக்கு 12 வோல்ட். இடையே ஃபியூஸ் இருத்தல் இன்றியமையாதது. மின்சுற்றின் தரையும் பெட்டியின் தரையும் ஒன்றாய் இணைதல் வேண்டும். ஸ்கேனர் என்னும் பிழையறி கருவியைப் பெட்டியோடு இணைத்து, மின்சுற்றில் 600 சுழற்சியை வைத்தால், ஸ்கேனரிலும் ஏறத்தாழ 600 தோன்ற வேண்டும். குமிழைத் திருப்பி 1000 ஆக்கினால் 1000 தோன்ற வேண்டும். பட்டியலில் ஒரு பல்லை வேண்டுமென்றே நீக்கினால் அதனைக் குற்றமெனப் பெட்டி குறித்துக்கொள்கிறதா என்பதையும் பார்க்கலாம். மேசைமேல் இஞ்செக்டர் முதலியன இணைக்கப்படாமையால் வேறு சில பிழைகளையும் பெட்டி சொல்லும். அவை கண்டு மருளுதல் வேண்டா.

ஒன்று உள்ளவிடத்து மற்றொன்று உண்டாதலையும், அஃது இல்லாதவிடத்து மற்றது இல்லாமையையும் கண்டு காரணத்தைத் துணிவது நம் அளவை நூலோர் காட்டிய வழி. அவ்வழியே இங்குப் பயன்படுகிறது. செம்மையான செய்தியை ஊட்டியதும் பெட்டி சுழற்சியைச் சரியாகச் சொல்லுமாயின், செய்தியைப் பெறும் உறுப்பு நன்று. குற்றம் சென்சாரிலோ கம்பியிலோ இருத்தல் வேண்டும். அப்பொழுது லாரியின்பாற் சென்று, சுருளின் மின்தடையை அளந்து, ஏட்டில் உள்ள மதிப்போடு ஒப்பிட வேண்டும். சுரங்கப் பாதையின் குலுக்கத்தால் கம்பி உறையினுள்ளே அறுந்திருத்தல் கூடும். சென்சாரின் முனையில் படிந்தது சுண்ணாம்புத் தூளாயின் காந்தப் புலத்தை அது கெடுக்காது. இரும்புத் துகளாயின் காந்தத்தில் ஒட்டிச் செய்தியைச் சிதைக்கும். மாறாக, செம்மையான செய்தியை ஊட்டியும் பெட்டி வாளாவிருப்பின், மின்சாரமும் தரையும் இணைப்பும் மறுமுறை பார்க்கப்பட்ட பின்னரே பெட்டியின்மேல் ஐயுறல் வேண்டும்.

சில எச்சரிக்கைகளை மாணவர் உளங்கொள்ள வேண்டும். எஞ்சினில் பொருந்தியிருக்கும் பெட்டிக்கு இச்செய்தியை ஊட்டுதல் கூடாது. எஞ்சின் நின்றிருக்க, அது சுழல்கிறது என நம்பிய பெட்டி இஞ்செக்டரைத் திறக்கும். எரிபொருள் சிலிண்டரில் தேங்கக்கூடும். தீயும் பெருஞ்சேதமும் விளையக்கூடும். இஞ்செக்டர் முனைகளில் ஐம்பது வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் எழுதலும் உண்டு, அவற்றைத் தொடலாகாது. ஆசிரியர் அல்லது தேர்ந்த தொழிலாளர் உடனிருக்கவே இவ்வேலையைச் செய்தல் வேண்டும்.

இச்சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. குளிர்ந்த மேசையின்மேல் செம்மையாய் இயங்கிய பெட்டி, வெப்பமும் அதிர்வும் மிக்க எஞ்சினருகே தவறுதலும் நிகழும். வலிய செய்தியைக் கேட்கும் பெட்டி, மெல்லிய செய்தியைக் கேளாதிருத்தலும் உண்டு. ஆதலின் அலையின் உயரத்தைக் குறைத்தும் சோதித்தல் நன்று. சோதனை எதனைக் காட்டிற்றோ அதனை மட்டுமே சொல்லுதலும், காட்டாததனைச் சொல்லாதிருத்தலும் தொழிலறிஞர்க்கு அழகு.

மாணவர்களே! இம்மின்சுற்றுக்கு வேண்டிய பொருள்கள் சில நூறு ரூபாய்க்குள் அடங்கக்கூடியவை. கையளவு பலகையில் அமைவது இது. ஆயினும் ஐயத்தை நீக்கும் ஆற்றல் இதனிடம் உண்டு. ஐயம், திரிபு, அறியாமை என்னும் மூன்றும் அறிவுக்குப் பகை என்பர். ‘பெட்டி கெட்டிருக்கும்’ என்பது ஐயம். கெடாத பெட்டியைக் கெட்டது எனக் கொள்வது திரிபு. ஆராய வழியே தெரியாதிருப்பது அறியாமை. இம்மூன்றுக்கும் விலை கொடுப்பவர் பட்டறையில் இருப்பவரல்லர். சாலையோரத்தில் லாரியருகே காத்துநிற்கும் ஓட்டுநரும், விளைவை ஏற்றி அனுப்பிய உழவருமே ஆவர். தொழிற்பயிற்சி நிலையங்களில் நாளை நுழையவிருக்கும் நீவிர், கருவியைச் செய்யக் கற்பதோடு, அக்கருவியைச் சோதிக்கவும் கற்றுக்கொள்வீராக. பிறர் பொருளைத் தம் பொருள்போல் எண்ணி, ஒன்றைப் பழுதென்று கூறுமுன் பன்முறை ஆராய்தலே தொழிலின் நேர்மை.